சுவிட்சுக்குள் இருக்கும் காது

சென்னையை அடுத்த படப்பையில் ஒரு மாடி அறை. சிங்கிள் காயில் பிக்கப் பொருத்திய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் செருகி, தந்தியைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டால் போதும், ஒரு சுரம் கேட்கத் தொடங்கும். சுவருக்குள் ஓடும் வயர்கள், மின்விசிறி, ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமாகச் சேர்ந்து வாசிக்கும் சுரம் அது. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அந்த 50உம் அதன் மடங்குகளான 100, 150, 200உம் பிக்கப்புக்குள் புகுந்து ஒலிபெருக்கி வழியாக வெளியே வருகின்றன.

மேற்கத்திய சுரவரிசையில் 49 ஹெர்ட்ஸ் என்பது ஜி. நம் கணக்கில் ஐந்து கட்டை. பெண் குரல்களுக்குப் பரவலாக வைக்கும் சுருதி இது. ஆக, நம் வீட்டு மின்சாரம் ஐந்து கட்டை ஷட்ஜத்தை, ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றி, ஓயாமல் பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டையில் பாடுபவருக்கு அதுவே பஞ்சமம். அதுவும் ஏறிய பஞ்சமம். ஒரு கட்டைக்குரிய பஞ்சமம் அந்த ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ், மின்சாரம் தருவது 100. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் விநாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். சுருதி சுத்தம் பழகிய காதுக்கு இது தாங்க முடியாத தொல்லை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அமெரிக்காவில் இந்த இரைச்சல் வேறு சுரத்தில் விழுகிறது. அங்கே பி-ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில், எந்தச் சுரத்தோடும் ஒட்டாமல் நிற்கும்.

இந்த இரைச்சலை ஒழிக்க எடுத்த முயற்சியும், ஒரே கிட்டாரில் பல குரல்கள் வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துதான் எலக்ட்ரிக் கிட்டாரின் சுவிட்சுகளை இவ்வளவு சிக்கலாக்கின. புகழ்பெற்ற வாசிப்பாளர்களின் பெயரில், அவர்கள் கேட்டபடி செய்யப்படும் சிக்னேச்சர் கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் மரத்தையும் நிறத்தையும் தலைப்பகுதியில் உள்ள கையொப்பத்தையும் பார்க்கிறார்கள். எனக்கு அவற்றின் பின்தகட்டைக் கழற்றிப் பார்ப்பதில்தான் ஆர்வம். ஓர் இசைக்கலைஞர் எந்த ஒலியை விரும்பினார், எதை வேண்டாமென்று விட்டார் என்பதெல்லாம் அங்கே ஈயப்பற்றாக உறைந்து கிடக்கிறது. அதைப் படிக்கத் தேவையான இயற்பியல் பத்தாம் வகுப்புப் பாடத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

பிக்கப்பிலிருந்து தொடங்கலாம். அது மைக் இல்லை. காற்றின் அதிர்வு அதற்குக் கேட்காது. அதற்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியாலான காயில். மேலே செல்லும் எஃகுத் தந்தியை அந்தக் காந்தம் காந்தமாக்கி வைக்கிறது. தந்தி அதிரும்போது காயில் வழியே செல்லும் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. அப்படி மாறும் பாயம் காயிலில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டார். நைலான் தந்தி கட்டிய கிட்டார் இந்தப் பிக்கப்பின் மேல் ஊமையாகிப் போவது இதனால்தான். இந்த முறையில் அமைந்த ரிக்கன்பேக்கர் கிட்டார் 1932இல் விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்த ஜார்ஜ் போஷாம்புக்குக் காப்புரிமை கிடைத்தது 1937இல்.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒரு பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்றுகள் உண்டு. பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. பழுதான பிக்கப்புக்கு இங்கேயே காயில் கட்ட விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் 42 கேஜ் என்று போட்டிருக்கும். அதே எண்ணை, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் நம் ஊர்க் கடைகளுக்குக் கம்பி தருபவரிடம் சொன்னால், அவர் பிரிட்டிஷ் கேஜ் கணக்கில் 0.1 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துத் தருவார். அதில் 8,000 சுற்று அந்தச் சட்டத்துக்குள் அடங்காது. நாம் கேட்க வேண்டியது 46 கேஜ்.

இரைச்சலுக்கு வருவோம். 1955இல் கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் என்ற பொறியாளர் ஒரு காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்தார். ஹம்பக்கர் என்று பெயர் பெற்ற பிக்கப் அது. ஒரு பிக்கப்புக்குள் இரண்டு காயில்கள். ஒன்றின் காந்தமுனை மேல்நோக்கி வடக்கு, மற்றதற்குத் தெற்கு. சுற்றின் திசையும் ஒன்றுக்கொன்று எதிர். தந்தியின் அதிர்வு இரண்டாவது காயிலில் இரண்டு முறை குறி மாறுகிறது, காந்தத்தால் ஒரு முறை, சுற்றின் திசையால் ஒரு முறை. எதிர்மறையை எதிர்மறையால் பெருக்கினால் நேர்மறை. எனவே தந்தியின் சைகைகள் இரண்டும் கூடுகின்றன. வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கோ நிலைக்காந்தத்தின் முனை பொருட்டே இல்லை. அது ஒரே ஒரு முறை, சுற்றின் திசையால் மட்டும், குறி மாறுகிறது. கூட்டினால் பூச்சியம். இவ்வளவு எளிய கணிதத்தில் இவ்வளவு பெரிய தொல்லை தீர்ந்த இடங்கள் மின்னணுவியலில் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். லவருக்குக் காப்புரிமை 1959இல் கிடைத்தது. அந்தக் காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற சிறு தாளை ஒட்டி வெளிவந்த பிக்கப்புகள் இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடும் பொருள். அந்தத் தாளுக்குப் பின் வந்த ஒட்டுத்தாளில் கிப்சன் அச்சிட்ட எண் 2,737,842. அது பிக்கப்பின் காப்புரிமை எண்ணே இல்லை, கிட்டார் கலைஞர் லெஸ் பால் காப்புரிமை வாங்கிய வேறொரு பாகத்தின் எண். பழைய கிட்டாரின் காலத்தைக் கணிக்க இன்று அந்தப் பொருந்தாத எண் உதவுகிறது.

பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் ஒலியைத் தீர்மானிக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 25.5 அங்குலம். தந்தி உடலில் தாங்கப்படும் பிரிட்ஜிலிருந்து, கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப்பின் தூரம் 6.375 அங்குலம், அதாவது நீளத்தில் சரியாகக் கால் பங்கு. அங்கே நான்காம் சீரிசைக்கு (அடிப்படை அதிர்வெண்ணின் நான்கு மடங்கு) கணு, அதாவது அசையாப் புள்ளி. திறந்த தந்தியை மீட்டினால் நெக் பிக்கப்புக்கு அந்தச் சீரிசை கேட்பதே இல்லை. விரலை ஒரு ஃப்ரெட்டில் வைத்ததும் தந்தி குறுகிக் கணு நகர்ந்துவிடும், அந்தச் சீரிசை திரும்ப வந்துவிடும். பிரிட்ஜ் பிக்கப் தந்தியின் முனைக்கு அருகில், பதினாறில் ஒரு பங்குத் தூரத்தில் இருக்கிறது. அங்கே அடிப்படை அதிர்வின் அலைவு, நெக் பிக்கப்புக்கு மேல் இருப்பதில் கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. மேல் சீரிசைகள் அங்கே ஓங்கி நிற்கும். நெக் பிக்கப் கனமாகவும் பிரிட்ஜ் பிக்கப் கூர்மையாகவும் ஒலிப்பதற்கு இந்தத் தூரக்கணக்கே முதல் காரணம். காந்தத்தின் வகை, கம்பியின் பூச்சு பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டு காயில்களைச் சேர்க்கும் விதங்களில்தான் சுவிட்சின் வேலை தொடங்குகிறது. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று பள்ளியில் மின்தடைகளுக்குப் படித்தோம். காயிலுக்கு மின்தடையோடு தன் மின்தூண்டல் எண்ணும் உண்டு. கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் கேபிளுக்கு மின்தேக்குத்திறன் உண்டு. ஐந்தாறு மீட்டர் கேபிளில் ஏறத்தாழ 600 பிக்கோஃபாரட். மின்தூண்டியும் மின்தேக்கியும் சந்தித்தால் ஒத்ததிர்வு உண்டாகும், ஓர் அதிர்வெண்ணில் ஒலி தூக்கி நிற்கும். ஹம்பக்கரின் ஒரு காயில் 2.2 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தொடராக இணைத்தால் 4.4 ஹென்றி, மேடு விழும் இடம் 3.1 கிலோஹெர்ட்ஸ். ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிட்டால் 4.4 கிலோஹெர்ட்ஸ். பக்க இணைப்பில் 1.1 ஹென்றி; மேடு 6.2 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். அதற்குள்ளும் அதன் விளிம்பிலும் மேடு நகர்வதால்தான் அதே பிக்கப், அதே இடம், அதே தந்தி, ஒரு சுவிட்சைத் தட்டியதும் வேறு வாத்தியம் போலக் கேட்கிறது. கேபிளும் இந்தச் சுற்றின் ஓர் உறுப்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேபிளை இரண்டு மடங்கு நீளமாக்கினால் கிட்டாரின் குரலே இறங்கிப்போகும்.

மூன்றாவது வித்தை, கட்டத்தைத் திருப்புவது. ஒரு பிக்கப்பின் இரு முனைகளையும் இடம் மாற்றி மற்றொன்றோடு சேர்த்தால், இரண்டுக்கும் பொதுவானது அழியும், வேறுபடுவது தங்கும். தாழ்ந்த அதிர்வுகள் இரண்டு பிக்கப்புகளுக்கு மேலும் ஒரே திசையில் அசைவதால் பெரும்பகுதி அழிந்துவிடும். உயர்ந்த சீரிசைகள் இடத்துக்கு இடம் திசை மாறுவதால் பிழைத்துக்கொள்ளும். மூக்கால் பாடுவது போன்ற மெலிந்த, கீச்சென்ற ஒலி வரும். இதற்கு வேண்டியது ஆறு முனைகள் கொண்ட இருவழி சுவிட்ச். வீட்டில் ஈபி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்ற வைத்திருக்கும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சின் அதே அமைப்புதான், கட்டைவிரல் நுனி அளவுக்குச் சுருங்கியது. பல சிக்னேச்சர் கிட்டார்களில் இது கண்ணுக்கே தெரியாது. வால்யூம் குமிழின் அடியில் ஒட்டியிருக்கும், குமிழை மேலே இழுத்தால் வேலை செய்யும். புஷ்-புல் என்பார்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தபோது மூன்று பிக்கப்புகளுக்கு மூன்று நிலை சுவிட்ச் மட்டுமே இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். ஆனால் நெம்பியை இரண்டு நிலைகளுக்கு நடுவே தங்கவைத்தால் பக்கத்துப் பக்கத்துப் பிக்கப்புகள் இரண்டும் ஒன்றாக ஒலிப்பதை வாசிப்பவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சுவிட்சின் நகரும் தகடு, பழைய முனையை விடுவதற்குள் புதிய முனையைத் தொட்டுவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. மாற்றும்போது ஒலி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஒரு கணத்தின் இணைப்பை அவர்கள் நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். நெம்பி நழுவாமல் இருக்க விதவிதமான உபாயங்கள் செய்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைத் தானே பொருத்தத் தொடங்கியது 1977இல், இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. சுவிட்சின் வரலாற்றில் வாசிப்பவர் முன்னே செல்ல, தொழிற்சாலை பின்னே வந்த முதல் பெரிய நிகழ்ச்சி இதுதான் என்பது என் எண்ணம். சிக்னேச்சர் கிட்டார் என்ற ஏற்பாடு அந்த இடைவெளியைக் குறைத்தது.

பெயர் தாங்கிய எலக்ட்ரிக் கிட்டார்களில் மிகப் புகழ்பெற்றது 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால். ஃபெண்டர் இந்த வழிக்கு வந்தது 1988இல், எரிக் கிளாப்டன் பெயரில். அதில் ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டு, நடு அதிர்வெண்களைத் தூக்கும் சுற்று ஒன்றை உள்ளே வைத்தார்கள். ஆனால் சுவிட்சைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் காட்டுவது இரண்டு கிட்டார்களை: பிரையன் மேயின் ரெட் ஸ்பெஷல், ஸ்டீவ் வாயின் ஐபனெஸ் ஜெம்.

ரெட் ஸ்பெஷல் 1963இல் லண்டன் புறநகர் வீடு ஒன்றில் தொடங்கியது. பள்ளி மாணவனான மே, மின்னணு வேலை தெரிந்த தன் தந்தை ஹெரால்டோடு சேர்ந்து, பழைய கணப்பு மாடத்தின் மரச்சட்டத்திலிருந்து கழுத்தைச் செதுக்கினார். பிற்காலத்தில் குவீன் இசைக்குழுவோடு உலகமெல்லாம் ஒலித்தது அந்தக் கிட்டார்தான். மூன்று பிக்கப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்சுகள். ஒன்று அதை இயக்கும் அல்லது அணைக்கும், மற்றது கட்டத்தைத் திருப்பும். மூன்றும் தொடர் இணைப்பில்.

ஆறு சுவிட்சுகளுக்கு மொத்தம் 64 நிலைகள். எத்தனை வேறு வேறு ஒலிகள்? எண்ணிப் பார்க்கலாம். ஒரே பிக்கப் ஒலிக்கும்போது கட்டத்தைத் திருப்பினாலும் காதுக்கு வித்தியாசம் இல்லை. ஆக, 3 ஒலிகள். இரண்டு ஒலிக்கும்போது மூன்று சோடிகள், ஒவ்வொன்றும் ஒத்த கட்டத்தில் அல்லது எதிர்க் கட்டத்தில், 6 ஒலிகள். மூன்றும் ஒலிக்கும்போது, எல்லாம் ஒத்த கட்டத்தில் அல்லது ஏதேனும் ஒன்று மட்டும் எதிராக, 4 ஒலிகள். மொத்தம் 13. மீதி நிலைகள் வெறும் மறுபதிப்பு, அல்லது அமைதி. இந்தப் பதின்மூன்றிலும் மே பெரும்பாலும் நம்பியது ஒன்றைத்தான்: பிரிட்ஜும் நடுவும், ஒத்த கட்டத்தில். மற்றவை, குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வேண்டும்போது எடுக்க.

1987இல் வந்த ஜெம் நேர் எதிர்த் திசையில் சிந்தித்தது. இரு முனையிலும் ஹம்பக்கர், நடுவில் சிங்கிள் காயில். மொத்தம் ஐந்து காயில்கள். வெளியே தெரிவது ஒரே ஒரு ஐந்து நிலை நெம்பி. முதல் நிலையில் பிரிட்ஜ் ஹம்பக்கர் முழுதாக. இரண்டாவதில் அதே ஹம்பக்கரின் ஒரு காயில் தானாகவே அணைந்து, மிஞ்சிய காயில் நடுப் பிக்கப்போடு சேர்கிறது. மூன்றாவதில் நடு மட்டும். நான்கில் நெக் ஹம்பக்கர் பாதியாகி நடுவோடு. ஐந்தில் நெக் முழுதாக. கனத்த ராக் ஒலியும், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெம்பியை நடுவே தங்கவைத்துக் கண்டெடுத்த அந்தத் தெளிந்த ஒலியும் ஒரே கை அசைவில். ஐந்து நிலைகள், ஐந்து ஒலிகள், ஒன்றும் வீண் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று பின்தகட்டைக் கழற்றிப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. ஹம்பக்கரின் இரு காயில்களும் தொடராகச் சேரும் இடத்திலிருந்து ஒரு வயர் சுவிட்சுக்கு வருகிறது. இரண்டாம், நான்காம் நிலைகளில் மட்டும் சுவிட்ச் அந்தச் சந்திப்பை எர்த்துடன் இணைத்துவிடுகிறது. ஒரு காயிலின் இரு முனையும் எர்த்தில் போய் நிற்க, அது ஊமையாகிறது. சாதாரண ஐந்து நிலை சுவிட்சால் இது முடியாது. ஒரே நெம்பியில் பல தனித்தனி வரிசை முனைகள் வேண்டும். அதனால்தான் சில சிக்னேச்சர் கிட்டார்களுக்கு மாற்று சுவிட்ச் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருக்கும் மலிவான சுவிட்சைப் போட்டால் இரண்டும் நான்கும் செத்துப்போகும்.

கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் பெயரால் அழைக்கப்படும் வயரிங் இன்னொரு எல்லை. ஒரு மூன்று நிலை டாகிள், நான்கு குமிழ்களின் அடியிலும் புஷ்-புல்: இரண்டு ஹம்பக்கர்களைப் பாதியாக்க இரண்டு, கட்டத்துக்கு ஒன்று, தொடர்-பக்க மாற்றத்துக்கு ஒன்று. நிலைகள் 48. மேலே செய்த அதே முறையில் எண்ணினால் பிரிட்ஜ் தனியாக 2, நெக் தனியாக 2, இரண்டும் சேர்ந்து 16. ஆக 20 ஒலிகள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடுபவருக்கு இது விருந்து. மேடையில், பாட்டுக்கு நடுவே, எந்தக் குமிழ் மேலே இருக்கிறது என்று இருட்டில் தடவிப் பார்க்க வேண்டியவருக்கு? ஒலிகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு கிட்டாரை மதிப்பிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபதிலிருந்து ஐந்தைத் தேர்ந்து மற்றதை விட்டுவிடத் துணிந்த காதுக்குத்தான் நான் முதல் வணக்கம் வைப்பேன்.

சென்னை இந்தக் கதையில் வேறொரு பக்கத்திலிருந்து நுழைகிறது. 1981இல் இந்நகரின் மேடைக்கு வந்த சிறுவன் யு. ஸ்ரீநிவாஸ், கர்நாடக இசைக்கு எலக்ட்ரிக் மேண்டலினைத் தேர்ந்தார். மரப்பெட்டி மேண்டலினில் ஒலி எழுந்த உடனே மங்கிவிடும். தந்தியை இழுத்து ஒரு கமகத்தை முடிப்பதற்குள் நாதம் தீர்ந்துபோகும். திட உடல் கொண்ட எலக்ட்ரிக் மேண்டலினில் தந்தியின் ஆற்றல் மரப்பலகையை அசைப்பதில் விரைந்து செலவாவதில்லை, அதனால் நாதம் நீள்கிறது. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, எண்ணிக்கையை ஐந்தாக வைத்துக்கொண்டார். 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் அந்தச் சிறு வாத்தியம் ஒலித்தது. 2014இல் அவர் மறையும்வரை அந்த ஐந்து தந்திகள்தாம் அவர் குரல்.

அவரோடு ரிமெம்பர் சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 1970களில் சக்தி குழுவுக்காக ஏப்ரகாம் வெக்டர் அவருக்குச் செய்துகொடுத்த கிட்டாரில் சுருதிக்கெனக் குறுக்கே ஏழு தந்திகள் ஓடின. ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்து வைத்தார்கள். வீணையின் மெட்டுகளுக்கு இடையே விரலுக்குக் கீழே மரம் தட்டுப்படாததால்தான் தந்தியை ஆழமாக இழுக்க முடிகிறது. கிட்டாரிலும் அதையே கேட்டார் அவர். பின்னர் 1988இல் இங்வே மால்ம்ஸ்டீன் பெயரில் ஃபெண்டர் வெளியிட்ட கிட்டாரிலும் குழித்த விரற்பலகை வந்தது, வேறு வழியாக.

கர்நாடக இசைக் கிட்டாரில் சுவிட்சுக்கு அநேகமாக வேலை இல்லை என்பதும் சிந்திக்க வேண்டியது. 1980களில் சுகுமார் பிரசாத், அவருக்குப் பின் சென்னை ஐஐடியில் கப்பல் வடிவமைப்புப் படித்த ஆர். பிரசன்னா என்று எலக்ட்ரிக் கிட்டாரில் கச்சேரி செய்தவர்களின் ஒரு வரிசையே உண்டு. ஆலாபனையில் குரல் மாறக் கூடாது. இரண்டரை மணி நேரமும் ஒரே பாடகர் பாடுவதைப் போல ஒரே நாதம் நிற்க வேண்டும். நெக் பிக்கப்பின் கனமும் டோன் குமிழின் ஓர் இடமும் போதும். இப்படிப்பட்ட கலைஞருக்காக ஒரு சிக்னேச்சர் கிட்டார் செய்தால், சிக்கல் அனைத்தும் விரற்பலகையிலும் தந்தியின் தடிமனிலும் ஃப்ரெட்டின் உயரத்திலும் போய் உட்காரும். பின்தகட்டைத் திறந்தால் நான்கு வயர்கள் இருக்கும்.

விரற்பலகை என்றதும் ஒரு சிறு செய்தி. உலகின் எண்ணற்ற கிட்டார்களின் விரற்பலகை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான். 2017இல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தபோது, ஒரு கிட்டாரை எல்லை கடந்து விற்பதற்கே ஆவணம் தேவைப்பட்டது. முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்க 2019இல் முடிவாயிற்று.

இனி, சேகரிப்பவர் கையில் ஒரு கிட்டார் வந்ததும் செய்யவேண்டியது. தகட்டைக் கழற்றுவதற்கு முன்பே பாதி உண்மையை அறிய முடியும். கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து, வால்யூமை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் மின்தடையைக் குறிக்க வேண்டும். 8 கிலோஓம் ஹம்பக்கர் முழுதாக இருந்தால் 8க்குச் சற்றுக் குறைவு காட்டும். வால்யூமின் 500 கிலோஓம் பக்கத்தில் இணைந்திருப்பதால். பாதியானால் 4. உள்ளேயே பக்க இணைப்பானால் 2. இரண்டு ஹம்பக்கர்கள் தொடராக 16. ஆனால் 4 என்று காட்டினால் உடனே முடிவுக்கு வரக் கூடாது. பாதியான ஒரு ஹம்பக்கரும் 4 தரும், முழுதான இரண்டு ஹம்பக்கர்கள் பக்க இணைப்பில் இருந்தாலும் 4 தரும். அப்போது ஆம்ப்ளிஃபயரைச் சிறு ஒலியில் வைத்து, ஸ்குரூடிரைவர் நுனியால் ஒவ்வொரு காயிலின் முனையையும் மெல்லத் தட்ட வேண்டும். உயிரோடு இருக்கும் காயில் டொக்கென்று பதில் சொல்லும்.

இன்னொரு சோதனை நம் ஊருக்கே உரியது. மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால், அது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் மின்னோட்டத்தை வெட்டி விடுகிறது. 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் கீச்சென்று வரிசையாகக் கிளம்பும். அதனருகே கிட்டாரைப் பிடித்துக்கொண்டு சுவிட்சை மாற்றிப் போனால், எந்த நிலையில் இரைச்சல் சட்டென விழுகிறதோ அங்கே எதிரெதிராகச் சுற்றிய காயில்கள் சோடி சேர்ந்திருக்கின்றன. ஜெம்மில் ஒன்றும் ஐந்தும் நிச்சயம் அடங்க வேண்டும், மூன்று இரைய வேண்டும்.

வயர் நிறங்களை நம்பி ஈயம் வைப்பது ஆபத்து. டிமார்ஸியோ பிக்கப்பில் சைகை வரும் வயர் சிவப்பு. கறுப்பும் வெள்ளையும் காயில்கள் சேருமிடம். சீமோர் டங்கனில் சைகை கறுப்பு. சிவப்பும் வெள்ளையும் சேருமிடம். ஒரு நிறுவனத்தின் படத்தைப் பார்த்து மற்றதன் பிக்கப்பை இணைத்தால் கட்டமும் காயிலும் தாறுமாறாகும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் படப்பைப் பக்கம் காற்றில் ஈரம் ஏறும்போது சுவிட்சின் தொடுமுனைகள் மங்கி, ஒலி விட்டு விட்டு வரும். அதற்காக சுவிட்சையே மாற்றுவது அவசரம். காண்டாக்ட் கிளீனரை ஒரு துளி விட்டு நெம்பியைப் பலமுறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொழிற்சாலையில் வைத்த ஈயப்பற்றும் கலையாமல் இருக்கும்.

ஒலி விசித்திரமாக இருக்கிறதே என்று எதையும் திருத்திவிடாமல் இருப்பதுதான் இந்தச் சேகரிப்பின் கடினமான பகுதி. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு லெஸ் பாலில், டாகிளை நடுவில் வைத்தால் மெலிந்து ஏங்கும் ஒலி வரும். கட்டம் திருப்பும் சுவிட்ச் எதுவும் அதில் கிடையாது. நெக் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. ஒரு பழுது என்று பட்டியலிட வேண்டியது, அவர் விரலில் ஓர் அடையாளமாயிற்று. அந்தக் கிட்டார் பின்னர் கேரி மூரிடம் பல்லாண்டு இருந்தது. இப்போது மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம். அதன் பிரதிகளை விற்கும்போது கிப்சன் அந்தக் காந்தத்தையும் வேண்டுமென்றே தலைகீழாக வைக்கிறது.

கையில் உள்ள கிட்டாரில் அப்படியோர் எதிர்க் கட்டம் கேட்டால், காரணம் இரண்டில் ஒன்று. வயர்கள் இடம் மாறியிருக்கலாம், காந்தம் திரும்பியிருக்கலாம். காதால் இரண்டையும் பிரித்தறிய முடியாது, மல்டிமீட்டரின் மின்தடைக் கணக்கும் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு சிறு திசைகாட்டி போதும். இரண்டு ஹம்பக்கர்களின் திருகுள்ள பக்கத்து முனைகளின் மேல் அதை ஒவ்வொன்றாகப் பிடித்தால், ஊசியின் ஒரே முனை இரண்டிலும் இழுக்கப்பட வேண்டும். ஒன்றில் வடக்கும் மற்றதில் தெற்கும் இழுபட்டால் காந்தம் திரும்பியிருக்கிறது. இழுபடுவது ஒரே முனையானால் வயர்களைப் பார்க்க வேண்டும். பிக்கப்பின் உலோக மூடி எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா, சைகை வயரோடு சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் காட்டிவிடும். சைகையோடு சேர்ந்திருந்தால் மூடியில் விரல் பட்டதும் இரைச்சல் எழும். யாரோ பிற்காலத்தில் செய்த வேலை அது என்று சந்தேகிக்க இடமுண்டு. கண்டதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, ஈயப்பற்றுகளைப் படம் எடுத்துக்கொண்டு, தாளைக் குழிக்குள்ளேயே மடித்து வைத்துத் தகட்டைத் திருகி மூடிவிடலாம்.